வேலைக்கார எறும்பின் பின்பக்கம்

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் ஒரு மிட்டாய் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. கிடைத்ததற்குக் காரணம் என் படிப்பு. நிரந்தரம் ஆகாமல் இழுத்ததற்குக் காரணமும் அதே படிப்புதான்.

நான் விலங்கியலில் முதுகலை. கடைசி ஆண்டில் ஆளுக்கொரு பிராணியைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். பெயர் வரிசைப்படி கூப்பிட்டதில் தவளை, கரப்பான், மண்புழு, ஓணான் எல்லாம் எனக்கு முன்னால் இருந்தவர்களுக்குப் போய்விட்டன. என் முறை வந்தபோது பேராசிரியர் மேசையிலிருந்த காபி டம்ளரைப் பார்த்தார். அதன் விளிம்பில் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. 'வேலைக்கார எறும்பின் சுரப்பிகள்: அமைப்பும் பணியும்' என்று என் தலைப்பு முடிவாயிற்று. டம்ளரில் ஈ உட்கார்ந்திருந்தால் நான் வேறு மனிதனாகியிருப்பேன்.

அந்தத் தலைப்பில் ஒரு வருஷம் உழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எறும்பு என்பது பூச்சி அல்ல, அது ஒரு அரசாங்கம். தாடையின் அடியில் ஒரு ஜோடி சுரப்பி. ஆபத்து வந்தால் அது ஒரு வாசனையை விடும், பக்கத்திலிருக்கும் எறும்புகள் எல்லாம் கோபத்தோடு ஓடி வரும். அது போலீஸ். தொண்டைக்குப் பின்னால் இரண்டு கையுறைகளை ஒட்டிவைத்தது போல ஒரு சுரப்பி, முட்டையிலிருந்து வந்த புழுக்களுக்கு ஊட்ட எண்ணெய்ச் சத்து வைத்திருக்கும். அது சத்துணவு. மார்பு முடிந்து இடை தொடங்கும் இடத்தில், பின்னங்காலுக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் கிருமிநாசினி சுரக்கும். எறும்பு அதை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். அது சுகாதாரத் துறை. வயிற்றின் கடைசியில், கொடுக்கின் அடியில், ஒரு விஷப்பை. அது ராணுவம். அந்த விஷப்பைக்கு அருகில் சின்னதாக இன்னொரு பை உண்டு. ஏதோ ஒரு வெள்ளைக்காரருடைய பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். சின்னச் செவ்வெறும்பு தீனி கண்டுவிட்டால் கொடுக்கைத் தரையில் உரசிக்கொண்டே புற்றுக்குத் திரும்பும். அந்தப் பையிலிருந்து ஒரு வாசனை கோடாகத் தரையில் விழும். மற்ற எறும்புகள் கேள்வி கேட்காமல் அந்தக் கோட்டில் போகும். நெடுஞ்சாலைத் துறை. நம் நெடுஞ்சாலைத் துறைக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இது வேலை செய்யும்.

மிட்டாய் கம்பெனி முதலாளி ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். தமிழில் பேசுவார், கணக்கு மட்டும் தெலுங்கில் போடுவார், எல்லோரையும் நைனா என்பார். நேர்முகத்தில் என் சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எதுல படிச்சே நைனா?"

"எறும்புல சார்."

"எறும்புல இன்னா?"

"சுரப்பிகள்."

அவர் சான்றிதழை மேசையில் வைத்துவிட்டு, எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். அவருடைய பாகு அறையில் அப்போது மூன்று வரிசையாக எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உள்ளூரில் டாக்டர் இல்லாத நேரத்தில் பல் டாக்டர் வந்து இறங்கினால் பிரசவம் பார்க்கச் சொல்வார்களே, அதுபோல ஆகிவிட்டது என் நிலைமை.

என் உத்தியோகப் பெயர் 'தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர் (தற்காலிகம்)'. தொழிலாளர்கள் 'எறும்பு சார்' என்றார்கள். இரண்டாவதுதான் நிலைத்தது.

நான் அப்போது மணவாள நகரில் குடியிருந்தேன். அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போவதென்றால் முதலில் கிழக்கே சென்னைக்குப் போக வேண்டும், அங்கே வண்டி மாறி வடக்கே திரும்ப வேண்டும். மூளையுள்ள எந்த எறும்பும் அப்படி ஒரு கோடு போடாது. அந்தப் பயணத்தை நான் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் பக்கத்து ஊரான கடம்பத்தூரில் ஒரு பெண். நெல் விவசாயம் செய்யும் குடும்பம். பெண் பார்த்தாயிற்று, இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது, ஜாதகமும் ஒத்துக்கொண்டது. பெண்ணின் அப்பா மட்டும் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"பர்மனென்ட் ஆர்டரைக் கொண்டாந்து காட்டுங்க மாப்பிள்ளை. அன்னிக்கே முகூர்த்தம் பாத்துடுவோம். தற்காலிகத்துக்குப் பொண்ணு குடுத்தா ஊர்ல சிரிப்பாங்க. உங்களுக்கே நல்லாருக்காது."

எனக்கு நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் கேட்டது நியாயமான நடைமுறை, நடைமுறையை நான் எப்போதும் மதிப்பவன்.

முதலாளியிடம் நிரந்தரம் பற்றிக் கேட்டேன். அவரும் ஒரு நிபந்தனை வைத்தார். பல ஊர்களில் கேன்டீன் நடத்தும் ஒரு பெரிய நிறுவனம் எங்கள் ஆரஞ்சு மிட்டாயை மொத்தமாக வாங்குவதாகச் சொல்லியிருந்தது. அதற்குமுன் அவர்களுடைய கொள்முதல் அதிகாரி வந்து தொழிற்சாலையைப் பார்ப்பார். உற்பத்தி அறைகளுக்குள் ஒரு எறும்பு கண்ணில் பட்டாலும் ஒப்பந்தம் கிடையாது. பூச்சி மருந்துப் பொடி கண்ணில் பட்டாலும் கிடையாது.

"அந்த ஆர்டர் வந்தா நீ பர்மனென்ட். வரலேன்னா நீயும் வராதே நைனா."

தினமும் காலையில் பாகு அறையின் ஜன்னல் விளிம்பைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துப் பார்த்தோம். கோடு அழிந்தால் எறும்புகள் கொஞ்ச நேரம் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் போலச் சுற்றும். நாஷ்டா சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் புதுக்கோடு போட்டிருக்கும். கெஞ்சினாலும் கேட்காது, சோப்புப் போட்டாலும் கேட்காது. கேட்பது ஒன்றுக்குத்தான், அதன் பின்பக்கத்துப் பைக்கு. ஆகவே பையை நாமே கையில் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். நிறைய எறும்பைப் பிடித்து, அந்தப் பைகளை மட்டும் எடுத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் சாறு கிடைக்கும். புற்று எங்கள் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் மதில் சுவரின் அடியில் இருந்தது. அங்கிருந்து பாகு அறைக்கு எதிர்த் திசையில், மதிலுக்கு வெளியே, சாற்றால் தடிமனாக ஒரு கோடு இழுத்துவிட்டால் எறும்புப் படை முழுவதும் அந்தப் பக்கம் போய்விடும்.

வெளியே பக்கத்தில் இருந்தது ஒரு போல்ட்டு நட்டு கம்பெனி. முதலாளிக்கு அவர்களோடு சாக்கடைத் தகராறு. திட்டத்தைக் கேட்டவுடன் ஸ்பிரிட் வாங்க அனுமதி தந்தார்.

எனக்கு உதவியாக இருந்தவர் மேஸ்திரி. பாகு கிண்டும் பகுதிக்குத் தலைவர், பழவேற்காடு பக்கத்து மீனவக் குடும்பம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தேங்காய் ஓட்டில் வெல்லம் வைத்து எறும்பு பிடித்துத் தருவார். நான் ஒரு சொட்டுத் தண்ணீரில் எறும்பைக் கிடத்தி, நுண்ணோக்கியின் கீழே, வயிற்றின் கடைசி வளையத்தை இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுப்பேன். கொடுக்கு வெளியே வரும். அதோடு சேர்ந்து விஷப்பையும் வரும், பக்கத்துப் பையும் வரும். ஊசி முனையால் இரண்டையும் பிரிக்க வேண்டும். மூச்சு விட்டால் பறந்துவிடும். தும்மினால் அன்றைய உழைப்பு போயிற்று.

மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்.

"இன்னா சார், நாள் பூரா அதும் பின்னாடியே பாத்துக்கினு கீறியே. கல்யாணம் ஆவப்போற ஆளு. கண்ணு பூட்டா இன்னா பண்ணுவே?"

"பொண்ணை ஏற்கெனவே பாத்தாச்சு அண்ணே."

"அத்தத்தான் நானும் சொல்றேன். அதுக்கு அப்புறம் வேற எதையாவது பாக்கணும்ல. எறும்போட பின்னாடிய மட்டும் பாத்துக்கினு இருந்தா ஆவுமா?"

சாற்றை வைக்கக் கம்பெனியில் காலி பாட்டில் இல்லை, எல்லாவற்றிலும் எசென்ஸ் இருந்தது. மேஸ்திரி தன் வீட்டிலிருந்து ஒரு காலி பன்னீர் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்து தந்தார். நான் முறைப்படி அதன் வயிற்றில் ஒரு காகிதம் ஒட்டினேன்: 'எறும்புச் சுரப்பிச் சாறு. குடிக்கக் கூடாது. பூசக் கூடாது. தெளிக்கக் கூடாது.' தெளிக்கக் கூடாது என்று ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு எச்சரிக்கையில் மூன்று வாக்கியம் இருந்தால்தான் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்ற எண்ணம்.

அதிகாரி வரும் நாளை முதலாளியே கேட்டு வாங்கியிருந்தார். விஜயதசமி காலை. அன்று தொடங்கியது விளங்கும் என்பது அவருடைய கணக்கு. அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. என் திட்டப்படி முதல் நாள் சாயங்காலம் கோடு இழுக்க வேண்டும். அதற்குமுன் இழுத்தால் வாசனை காற்றில் போய்விடும்.

சாயங்காலம் போனபோது என் மேசை காலியாக இருந்தது. நுண்ணோக்கி, இடுக்கி, ஊசி, பாட்டில் எதுவும் இல்லை. கூடத்துக்குப் போனேன். பாகு கொப்பரை, மிட்டாய் அச்சு, ஸ்பானர்கள், தராசு, மேஸ்திரியின் சைக்கிள் எல்லாவற்றோடும் என் சாமான்களும் வாழையிலை மேல் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நுண்ணோக்கிக்குக் கண் வைக்கும் இடத்திலேயே பொட்டு. பாட்டிலின் மூடியில் ஒரு சாமந்திப் பூ, வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். என் மூன்று வாக்கியங்களும் அதன் அடியில் இருந்தன.

பூஜை முடிந்து கற்பூரமும் காட்டியாயிற்று. பாட்டிலை எடுக்கக் கை நீட்டினேன். மேஸ்திரி கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், பூசையில வச்ச சாமானை இன்னிக்குத் தொடக்கூடாது. நாளைக்குக் காலைல மறுபூசை பண்ணித்தான் எடுக்கணும்."

"அண்ணே, இப்ப கோடு போடலேன்னா நாளைக்கு எறும்பு உள்ள வந்துடும்."

"வரட்டும். சரஸ்வதி பாத்துக்கும்."

"சரஸ்வதிக்கு எறும்பு டிபார்ட்மென்ட் இல்லியே."

"படிப்பு டிபார்ட்மென்ட்தானே. நீ எறும்பைத்தானே படிச்சே."

முதலாளியிடம் போனேன். அவர் மேஸ்திரியைவிடக் கடுமையாக இருந்தார். எந்தச் சாமான் என்றுகூடக் கேட்காமல், பூஜையில் வைத்ததைத் தொட்டால் ஆர்டர் வந்தாலும் நிரந்தரம் கிடையாது என்றார். ஒரே சாமானால் இரண்டு விதத்தில் வேலை போகும் வாய்ப்பு அன்று எனக்குக் கிடைத்தது.

மறுநாள் முதல் வண்டியில் வந்து ஜன்னல் விளிம்பை நானே துடைத்தேன். உள்ளே இருந்த எறும்புகளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன். அடுத்த கோடு விழுவதற்குள் அதிகாரி பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும், வேறு வழியில்லை. மறுபூஜை முடிந்ததும் பாட்டிலை எடுக்கலாம் என்று கூடத்துக்கு ஓடினேன். வாழையிலையில் பாட்டில் இருந்தது, சாமந்தியும் இருந்தது. உள்ளே சாறு இல்லை.

வாசலில் நாதஸ்வரம் கேட்டது. முதலாளி அதற்கும் ஏற்பாடு செய்திருந்தார். கார் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. அதிகாரி இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, பளபளக்கும் கறுப்பு ஷூ. முதலாளி வெள்ளிக் கிண்ணத்திலிருந்து சந்தனமும் கற்கண்டும் நீட்டினார். பிறகு பன்னீர்ச் செம்பை எடுத்துக் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தியின் மேல் தெளிப்பது போலத் தாராளமாகத் தெளித்தார். தோளில், மார்பில், கால்சட்டையில், ஷூவில், மிச்சத்தைச் சுற்றிலும் தரையில். பூஜையில் நின்ற பன்னீருக்குத் தனி சக்தி உண்டு என்று அவரே மறுபூஜை முடிந்த கையோடு பாட்டிலிலிருந்து செம்பில் ஊற்றியிருந்தார். ஒரு மிட்டாய் முதலாளிக்குப் பன்னீர் பாட்டிலைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்.

அதிகாரி தன் தோளை முகர்ந்தார்.

"பன்னீரில் ஏதோ ஊசி போடுகிற இடத்து வாசனை வருகிறதே?"

"எங்க ஊர் ரோஜா சார். கொஞ்சம் ஸ்ட்ராங்கு."

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். மேஸ்திரி வானத்தைப் பார்த்தார்.

உற்பத்திக் கூடத்தின் படியில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்பது எங்கள் விதி. அதிகாரி கழற்றினார். பாகு அறைக்குள் நுழைந்தார். நான் ஜன்னல் விளிம்பைப் பார்த்தேன். வழக்கமாக அதற்குள் கோடு விழுந்திருக்கும். அன்று ஒரு எறும்புகூட இல்லை. அவர் கொப்பரைக்கு அடியில் குனிந்து பார்த்தார், சர்க்கரை மூட்டைகளை நகர்த்திப் பார்த்தார், தன் கைக்குட்டையால் விளிம்பைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். எறும்பும் இல்லை, பொடியும் இல்லை.

எனக்கு மட்டும் காரணம் புரிந்தது. பல வாரத்து எறும்புகளின் பின்பக்கம் ஒரே நேரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில், புற்றுக்கு நேரெதிரே, தரையில் கொட்டியிருந்தது. அப்படி ஒரு ராஜபாட்டை இருக்கும்போது எந்த எறும்பு பாகு அறைச் சந்துக்கு வரும்.

"சுத்தமாக இருக்கிறது. எனக்கே ஆச்சரியம்" என்றார் அதிகாரி. முதலாளி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். எல்லோரும் வெளியே வந்தோம்.

படியில் இரண்டு ஷூக்கள் இருந்தன. இரண்டும் சிவப்பாக இருந்தன. அதிகாரி பேசிக்கொண்டே ஒன்றில் காலை விட்டுவிட்டார்.

அவர் கத்தவில்லை. பெரிய பதவியில் இருப்பவர், அதற்கேற்ற பழக்கம். காலை வெளியே இழுத்து, ஒற்றைக் காலில் நின்று, பாதத்தில் ஒரு அடி வைத்தார்.

"சார், அடிக்காதீங்க" என்றேன். "அடிச்சா தலைக்குள்ள இருக்கற சுரப்பி நசுங்கும். மத்த எறும்புக்கெல்லாம் தகவல் போயிடும்."

"என்ன தகவல்?"

"கடிக்கச் சொல்லி."

அவர் அதற்குள் இன்னொரு அடி வைத்திருந்தார். தகவல் போய்விட்டது. போலீஸும் ராணுவமும் சேர்ந்து கால்சட்டைக்குள் புறப்பட்டன. நாதஸ்வரக்காரர் என்ன நினைத்தாரோ, கெட்டிமேளத்துக்கு வாசிப்பது போல வேகமாக வாசிக்க ஆரம்பித்தார். அதிகாரி அந்தத் தாளத்துக்குக் குதித்தார். அது தற்செயல் என்று நான் இன்றுவரை நம்புகிறேன்.

மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரை அவர் கால்களில் ஊற்றினார். அதிகாரி கொஞ்சம் அடங்கியதும் முதலாளியைப் பார்த்து, "எறும்பு இருக்கிறதே ஐயா. இதோ இருக்கிறதே" என்றார்.

முதலாளியின் முகம் பாகு முறுகினது போலாகிவிட்டது. என் கண் முன்னால் கடம்பத்தூர் ஸ்டேஷன் பின்னால் நகர்ந்து போயிற்று. அப்போதுதான் நான் முன்னால் வந்தேன். ஒப்பந்த நிபந்தனைகளில் முதலாளி கையெழுத்து மட்டும் போட்டிருந்தார். படித்தவன் நான்.

"எங்கே சார் இருக்கு?"

"என் மேலே."

"நீங்க எங்கே நிக்கறீங்க?"

"படியில்."

"நிபந்தனையில 'உற்பத்தி அறைகளுக்குள்'னு இருக்கு சார். படி உற்பத்தி அறை இல்லை. தாங்களும் உற்பத்தி அறை இல்லை."

அதிகாரி ஒற்றைக் காலில் நின்றபடியே யோசித்தார். அவரும் என்னைப்போல நடைமுறையில் வளர்ந்தவர். அந்த இனத்து மனிதர்களுக்கு ஒரு விதியைச் சரியாக எடுத்துக் காட்டினால் கடி வலிகூடக் கொஞ்சம் குறையும்.

"உள்ளே இல்லை என்பது உண்மைதான்" என்றார். "வெளியே கடிப்பதைப் பற்றி எங்கள் நிபந்தனையில் ஒன்றுமில்லை. சேர்க்க வேண்டும்." பிறகு வெறுங்காலோடு காருக்குப் போய், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒப்புதலில் கையெழுத்துப் போட்டார். ஷூவை மேஸ்திரி ஒரு கம்பில் மாட்டிக் கொண்டுபோய்க் காரின் டிக்கியில் வைத்தார்.

அன்று மத்தியானம் முதலாளி கூப்பிட்டார். நிரந்தர ஆணையை நானே தட்டச்சு செய்து தயாராகக் கொண்டுபோனேன். அவர் அதை ஒதுக்கி வைத்தார்.

"உள்ளே போய்ப் பாத்தேன் நைனா. எறும்பே இல்லியே."

"ஆமாம் சார்."

"அப்ப இனிமே நீ எதுக்கு? எறும்பு பூட்டுது. எறும்பு டாக்டருக்கு டப்பு குடுத்துக்கினு இருக்க முடியுமா?"

இந்த வாதத்தை எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. அந்த வாசனை நிலைக்காது, போன எறும்புக்குத் தீனி கிடைக்காவிட்டால் அது கோட்டைப் புதுப்பிக்காது, கோடு தானாக மங்கிவிடும், நாளைக்கு எல்லாம் திரும்பி வரும் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறேன் என்று நினைத்தார். அது உண்மை. எறும்பு திரும்பி வரும் என்பதும் உண்மை.

"வந்தா பாக்கலாம்" என்றார்.

அன்று இரவு மணவாள நகரில் நான் தூங்கவில்லை. வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக எறும்பு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சோப்புத் தண்ணீர் வைத்துத் துடைத்த கைதான் கும்பிட்டது.

காலையில் நான் போவதற்கு முன்பே மேஸ்திரி கேட்டில் நின்றிருந்தார். பல் தெரியச் சிரித்தார்.

"வந்துட்ச்சு சார். முதலாளி ரூம்புக்கே நேரா வந்துட்ச்சு. அவரு வாய் கொப்பளிச்ச டம்ளர்லகூட கீது. ஒரே பேஜாரு. உன்னத்தான் கூப்புடறாரு."

முதலாளி நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். நான் கொடுத்த ஆணையை அங்கேயே வாங்கி, ஒரே ஒரு வரியைத் தன் கையால் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். வியாபாரி, திறந்த கதவை அப்படியே விட்டுவிட மாட்டார். அவர் சேர்த்த வரி இது: 'கம்பெனியில் எறும்பு இருக்கும் காலம் வரை இவர் நிரந்தரம்.'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆணையை எடுத்துக்கொண்டு கடம்பத்தூர் போனேன். பெண்ணின் அப்பா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். கையால் எழுதிய வரியில் விரலை வைத்து நின்றார்.

"இது இன்னா மாப்பிள்ளை, எறும்பு இருக்கற வரைக்கும்னு போட்டிருக்காங்க? எறும்புக்கு ஆயுசு எவ்ளோ?"

"வேலைக்கார எறும்புக்குக் கம்மிதான் மாமா. ஆனா ராணி பல வருஷம் இருக்கும். அது முட்டை போட்டுக்கிட்டே இருக்கும்."

அவர் திருப்தியடையவில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இங்க பாரு, எறும்பு இருந்தாத்தான் வேலையாம்."

சமையலறையிலிருந்து பெண்ணின் அம்மா பதில் சொன்னார்.

"நான் இந்த ஊட்டுக்கு வாழ வந்ததுலேந்து அரிசிப் பானையைச் சுத்திக் கீது. வெயில்ல வச்சேன், வேப்பிலை போட்டேன், மஞ்சத்தூள் போட்டேன், உங்கம்மாவ உட்டுத் திட்டக்கூடச் சொன்னேன். எங்க போச்சு? இதவிட கெட்டியான உத்தியோகம் கவர்மென்ட்லகூடக் கெடையாது. பேசாம நாளைப் பாருங்க."

கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பெண்ணின் அப்பா ஆணையை நாலாக மடித்து என்னிடம் தந்துவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த பஞ்சாங்கத்தை எடுத்தார்.